கோட்டை பார்க்க வந்த வீட்டுக்காரி

ஊரார் எல்லாருக்கும் ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன், கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் ஏன் காட்ட மாட்டேன் என்கிறான்? சொல்லுங்கள் பார்ப்போம். சோம்பல் என்பீர்கள். அலுப்பு என்பீர்கள். நாள் பூரா அதையே பார்க்கிறவனுக்கு லீவு நாளிலும் அதுவா என்று அவன் பக்கமே பேசினாலும் பேசுவீர்கள். அதெல்லாம் இல்லை. பயம். சுத்தமான, கலப்படமில்லாத பயம்.

ஆளைச் சொல்கிறேன். பேர் பீரங்கி. பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற சின்னச் சுற்றுலா ஆபீசில் கைடு வேலை. கையில் சிவப்புக் கொடி, தலையில் தொப்பி. தொண்டைக்கு மைக் தேவையில்லை. கோட்டை வாசலில் நின்று "வாங்க வாங்க" என்றால், நடுக்கடலில் நங்கூரம் போட்ட கப்பலில் இருக்கிறவன் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அதே தொண்டை வீட்டு வாசப்படி ஏறியதும் பூனைக்குட்டி ஆகிவிடும். அது வேறு கதை.

வீடு, துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கப்பலின் ஊதல் கேட்கும், கடல் தெரியாது. எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும். அந்த ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள் அவன் மனைவி. காலடியில் துண்டுத்துணிக் குவியலில் பாப்பா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புடவை கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னங்க, ஒரு நாளாவது அந்தக் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

"அதுவா? பழுது பாக்கறாங்க."

"நாம கல்யாணம் பண்ணப்பவும் பழுதுதானே பாத்தாங்க?"

"பெரிய பழுது."

"சரி, கோட்டை?"

"வவ்வாலு. ஒண்ணொண்ணும் நம்ம தலையணை தண்டி."

"அந்தப் பழைய ஜெயிலு?"

"கைக்குழந்தைக்காரங்களை உள்ள விடமாட்டாங்க. விட்டா வெளிய விடமாட்டாங்க."

அவள் ஒரு "ம்" சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பாள். அந்த "ம்" இருக்கிறதே, அதற்கு அர்த்தம் தெரிந்த புருஷன் அன்றைக்கே கோட்டை வாசலில் கொண்டுபோய் இறக்கியிருப்பான். பீரங்கிக்குத் தெரியவில்லை. தப்பித்துவிட்டோம் என்று டீயைக் குடித்தான்.

இப்போது பயத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பீரங்கியின் சுற்றுலாவில் சரித்திரம் ஊறுகாய் அளவுதான். சாப்பாடு முழுக்க அவன் வீட்டுக்காரி.

மணிக்கூண்டுக்கு நாலு முகம், நாலும் நாலு நேரம் காட்டும். "என் வீட்டுக்காரி 'அஞ்சு நிமிஷத்துல கிளம்பிட்டேன்'னு சொல்லுவா. அது இதுல எந்த முகத்து அஞ்சு நிமிஷம்னு இன்னும் கண்டுபிடிச்சுட்டிருக்கேன்" என்பான். கூட்டம் சிரிக்கும். கோட்டையில் பீரங்கியைக் காட்டி, "இது ஒரு தடவை சுட்டா ஆற அரை மணி நேரம் வேணும். என் வீட்டுல இருக்கறதுக்கு அந்த அரை மணியும் வேண்டாம்" என்பான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சிறையில் ஒன்று, கலங்கரை விளக்கத்தில் ஒன்று. இப்படியே வருஷக்கணக்காக அவளை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவளோ, பாவம், பத்துப் பேர் நடுவில் அதிர்ந்து பேசாதவள். இந்த ஜோக்குகளில் ஒன்றே ஒன்று அவள் காதுக்குப் போனால் என்ன ஆகும்? 

வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். எப்போதும் கையில் ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பவர். மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. யாரையாவது சுட்டிக்காட்டிப் பேச.

ஆபீசில் கைடுகள் இரண்டு பேர். ஒருவன் பீரங்கி. இன்னொருவனுக்கு மைக் என்று பேர். குரல் கம்மி; இடுப்பில் கட்டின ஒலிபெருக்கிதான் அவனுக்காகக் கத்தும்.

"ரெண்டு நடையையும் ஒண்ணாக்கப் போறேன்" என்றார் முதலாளியம்மா. "வெளியில ஒரு ஆளு. டிக்கெட் கவுண்ட்டர்ல ஒரு ஆளு. வர்ற ஞாயித்துக்கிழமை பீரங்கி கூட்டத்தோட நானும் நடக்கறேன். அடுத்த வாரம் மைக்கோட. அப்புறம் முடிவு." குடை நிமிர்ந்தது. "ஒரு விஷயம். போன வருஷம் மைக்கு என்ன பண்ணான் தெரியுமில்ல? சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்து கைதட்ட வச்சான். அந்த வேலையெல்லாம் ஆகாது. சொந்தம்னு ஒரு தலை தெரிஞ்சாலும் சரி, நேரா கவுண்ட்டருதான்."

கவுண்ட்டர் என்றால் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. கை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பேச்சு போகாது. பேசியே பிழைக்கிறவனை அதில் உட்கார வைப்பதும் மீனைக் கரையில் போடுவதும் ஒன்றுதான்.  பீரங்கி அன்றைக்கே சபதம் எடுத்தான்: ஞாயிற்றுக்கிழமை அத்தனை ஜோக்கும் போட்டு முதலாளியம்மாவைச் சிரிப்பில் உருட்டிவிடுவது. அதற்கு முன்னால் வீட்டுக்காரியை ஊர் எல்லை தாண்டி அனுப்பிவிடுவது. துறைமுகப் பக்கம் காய்கறி வாங்கக்கூட அவள் அன்றைக்கு வரக் கூடாது.

ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஏம்மா, உங்க அக்கா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சில்ல?"

மெஷின் நின்றது. "போன மாசம் போறேன்னப்போ, அக்கா வீட்டு மெத்தையில மூட்டைப்பூச்சின்னீங்க?"

"இந்நேரம் செத்திருக்கும்."

"எப்ப போகணும்?"

"ஞாயித்துக்கிழமை. முதல் பஸ்ஸுல."

"எதுக்கு அவ்வளவு காலையில?"

"ஜன்னல் சீட்டு கிடைக்கும்ல. பாப்பா வேடிக்கை பாக்கும்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரிங்க" என்றாள்.

சரிங்க! கேள்வி இல்லை, முணுமுணுப்பு இல்லை. பெண்டாட்டி ஒரே பேச்சில் சரி என்றால் புருஷன் உஷாராக வேண்டாமா? இவன் சீட்டியடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே பையைத் தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டான். பையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பாப்பாவுக்கு மாற்று ஜட்டி, வெயில் தொப்பி. அக்கா வீட்டுக்குப் போகிறவளுக்கு வெயில் தொப்பி எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பஸ் திரும்புகிறவரைக்கும் கையாட்டினான். திரும்பினதும் பெருமூச்சு விட்டான். அந்த மூச்சில் சாலையோரத்துக் காகிதம் பறந்தது.

மத்தியானம் மணிக்கூண்டு அடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருத்தர், குறுக்குக் கேள்வி கேட்கிற முகம். கையைக் கோத்துக்கொண்டு ஒரு புது ஜோடி. இன்னும் கொஞ்சம் பேர். கடைசியில் குடையோடு முதலாளியம்மா. பீரங்கி மணிக்கூண்டுப் படியில் ஏறிக் கொடியை உயர்த்தினான்.

"அன்பான பயணிகளே! வாங்க வாங்க! இந்த நகரத்தோட..."

"அப்பா!"

சின்னக் குரல். ரொம்பத் தெரிந்த குரல். பீரங்கி குனிந்து பார்த்தான். கூட்டத்துக்கு நடுவில் வெயில் தொப்பி போட்டுக்கொண்டு பாப்பா. பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தவளை அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் எதிர்வீட்டு மருந்துக்கடை அக்கா, தண்ணீர் பாட்டிலும் கையுமாக, பல்லெல்லாம் தெரிய.

"அப்பா! தூக்கு!"

முதலாளியம்மாவின் குடை மெல்ல உயர்ந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? பீரங்கி முகமெல்லாம் சிரிப்பாக்கிக்கொண்டு, "குழந்தைங்களுக்கு என்னைப் பாத்தாலே அப்பா ஞாபகம் வந்துடும். அப்படி ஒரு முகராசி!" என்றான்.

கூட்டம் சிரித்தது. அவள் கம்பீரமாக ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க கைடு சார். எங்க வீட்டுக்காரர் சாயல் உங்களுக்குக் கொஞ்சம் இருக்கு. ஆனா அவரு இவ்வளவு மரியாதையா 'வாங்க வாங்க'ன்னெல்லாம் கூப்பிட மாட்டாரு."

"மேடம்..." என்று ஆரம்பித்தவன், பை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா வீட்டுக்குப் போகல?"

"மூட்டைப்பூச்சி உயிரோட இருக்காம்."

"எதுக்கு இங்க வந்தே? என் வேலை போயிடும்மா. சொந்தக்காரங்க வந்தா கவுண்ட்டருன்னு சொல்லிட்டாங்க."

"நான் எங்க சொந்தம்? டிக்கெட் வாங்கின ஆளு. பையைப் பாத்துத் தூக்குங்க, பாட்டில் ஒழுகுது."

நடை தொடங்கியது. மணிக்கூண்டின் நாலு முகத்தையும் காட்டினான். ஜோக் தொண்டை வரைக்கும் வந்தது. கீழே ஒரு ஜோடிக் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜோக்கை விழுங்கினான்.

"இந்தக் கடிகாரத்துக்கு... நாலு முகம்."

கூட்டம் காத்திருந்தது.

"நாலு பக்கமும்... ஒவ்வொண்ணு."

"அது தெரியுதே" என்றார் தலைமையாசிரியர்.

கோட்டைக்குப் போனார்கள். வாசல் வளைவுக்குக் கீழே நடக்கும்போது, அவள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"வவ்வாலெல்லாம் எங்கங்க?"

"பகல்ல தூங்கும்."

"தலையணை தண்டி இருக்கும்னீங்களே, தொங்கினா தெரியாதா?"

பீரங்கி வேகமாக நடந்தான். கோட்டைச் சுவரின் உயரம் சொன்னான், அகலம் சொன்னான். என்ன சுண்ணாம்பு, என்ன கல் என்று சொன்னான். நகைச்சுவையை எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் இருந்தது சுண்ணாம்பும் கல்லும்தான். புது ஜோடி கொட்டாவி விட்டது. அதிலும் இரண்டு பேரும் ஒன்றாக. இரண்டு பேர் ஜூஸ் கடைப் பக்கம் நழுவினார்கள். அந்தப் பக்கப் புல்வெளியில் மைக்கின் கூட்டம் கரகர ஒலிபெருக்கிக்குக்கூடச் சிரித்துக்கொண்டிருந்தது. முதலாளியம்மா குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். அவருக்குச் சலிப்பு வந்தால் அப்படித்தான்.

பீரங்கிகள் வரிசையாகக் கிடக்கிற மேடைக்கு வந்தபோது பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது.  கொடி தோளில் சாய்ந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டி கண்முன்னால் வந்து நின்றது. அதில் கை போகிற ஓட்டை வழியாகத் தன் முகம் எட்டிப் பார்ப்பதுகூடத் தெரிந்தது.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். அவனை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கத்தான் கிளம்பி வந்தவள். ஆனால் கொடி பிடித்த அந்தக் கை ஆடுவதைப் பார்த்தாள். வீட்டில் பாப்பாவுக்கு ஜுரம் வந்த அன்றைக்கு இதே கைதான் இப்படி ஆடியது. பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கைடு சார், இந்தப் பீரங்கியைப் பாத்தா உங்களுக்கு உங்க வீட்டு ஞாபகம் வருமாமே? என்னன்னு சொல்லுங்களேன், நாங்களும் சிரிக்கறோம்."

பீரங்கி திகைத்துப்போய்ப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். 'சொல்லித் தொலைங்க' என்கிற தலையாட்டல். பக்கத்தில் மருந்துக்கடை அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: போன வாரக் கூட்டத்தில் முகம் தெரியாமல் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உருண்டு உருண்டு சிரித்த அந்தப் பெண்மணி!

இனி மூழ்கினால் என்ன, நனைந்தால் என்ன. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"இது ஒரு தடவை சுட்டா ஆற அரை மணி நேரம் வேணும். என் வீட்டுல இருக்கறதுக்கு... அந்த அரை மணியும் வேண்டாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜூஸ் குடிக்கப் போனவர்கள் டம்ளரோடு திரும்பி ஓடி வந்தார்கள். பீரங்கிக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை.

"கொடுத்து வச்சவரு சார் நீங்க" என்றாள் அவள். "உங்க வீட்டுப் பீரங்கி வேலையாவது செய்யுது. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. வெளியில முழங்குமாம், நான் பாத்ததில்ல. லீவு நாளானா இதோ இது மாதிரியே நீட்டிப் படுத்துடும். பிள்ளை மேல ஏறி விளையாடும். அசையாது. துடைச்சு வைக்கற வேலை மட்டும் நமக்கு."

அவள் சொல்லி முடிக்கவும், பாப்பா இறங்கி ஓடிப்போய் அங்கே கிடந்த பீரங்கி மேல் ஏறி உட்காரவும் சரியாக இருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். புது மாப்பிள்ளை சிரித்தான். புதுப் பெண் அவனைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். முதலாளியம்மா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார்.

சிறைக்கு வந்தார்கள். இருட்டு அறை, ஒரே கம்பிக் கதவு. பீரங்கிக்கு இப்போது பழைய தெம்பு திரும்பியிருந்தது. அதுதான் ஆபத்து.

"இந்த அறையில ஒரு கைதி. கதவுக்கு வெளியே ஒரு காவல்காரன். உள்ள வந்தவன் வாயைத் திறக்கக் கூடாது, சொன்னதைச் சாப்பிடணும். இதைப் பாத்துப் பயப்படாத ஒரே ஆளு நான்தான். எனக்குக் கல்யாணமாயிடுச்சு!"

சிரிப்பு, கைதட்டல். அவள் சிரிப்பு அடங்குகிறவரை பொறுத்திருந்தாள்.

"கைடு சார், ஒரு சந்தேகம். எங்க வீட்டுக்காரரும் தன்னைக் கைதின்னுதான் சொல்லிக்கறாராம். கைதி காலையில எழுந்து குளிச்சு, தொப்பி மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்திட்டு சாயங்காலம் வர்றாரு. காவல்காரிதான் நாள் பூரா உள்ளேயே கிடக்கா. இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து அவ இன்னும் கடலைச் சரியாப் பாத்ததில்ல. அப்ப கம்பிக்குப் பின்னால இருக்கறது யாரு சார்?"

 முதலில் மருந்துக்கடை அக்கா கை தட்டினாள். அப்புறம் புதுப் பெண். அப்புறம் இருந்த பெண்கள் அத்தனை பேரும். அந்த இருட்டு அறையில் சத்தம் முட்டி மோதி எதிரொலித்தது. பீரங்கி கம்பிக் கதவைப் பார்த்தான்.  வருஷக்கணக்காக அவளைப் பற்றிப் பேசியிருக்கிறான். அவள் என்ன பேசுவாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அந்த மரமண்டையில் ஏறியது.

கடைசியாகக் கலங்கரை விளக்கம். சுழல்படி. ஏற ஏறப் பாப்பாவுக்குத் தூக்கம் வந்து, அம்மா இடுப்பிலிருந்து நழுவி, "அப்பாதான் தூக்கணும்" என்று அடம். கீழே வரிசை நின்றுவிட்டது.

"பரவால்ல குடுங்க மேடம், பயணிகளுக்கு உதவறதுதானே என் வேலை" என்று பீரங்கி வாங்கிக்கொண்டான்.

"பாத்து. பழுது பாக்கற இடம், தலையில ஏதாவது விழுந்துடப் போகுது" என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

"மன்னிச்சுக்கோம்மா."

"என்ன சொன்னீங்க? பீரங்கிச் சத்தம், காதுல சரியா விழல."

"மன்னிச்சுக்கோன்னேன்."

அவள் மேலே ஏறினாள். கடைசிப் படி தாண்டிக் கம்பியோரம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.  மூன்று பக்கமும் கடல். துறைமுகத்துக்குள் கப்பல்கள் கன்றுக்குட்டிகள் மாதிரி கட்டிக் கிடந்தன. காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. பின்தெருவில் சைக்கிள் கடை மேலே ஒரு ஜன்னல், தீப்பெட்டி அளவில். அதை அவள் விரலால் காட்டினாள். காட்டின விரலை மடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பீரங்கி தினமும் ஏறுகிற இடம் அது. தினமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கூட்டத்தைப் பார்த்து ஜோக் சொல்கிற இடம். இன்றைக்குத்தான் அவள் பார்க்கிற பக்கமாகத் திரும்பிப் பார்த்தான். அட, எவ்வளவு பெரிசாக இருக்கிறது!

"இந்த விளக்கைப் பத்தி ஒண்ணு சொல்லுவீங்களாமே?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

இந்த விளக்கு மாதிரியே சுழன்று சட்டைப் பையைச் சோதனை போடுகிற வீட்டுக்காரி கண்ணைப் பற்றி ஒரு ஜோக் இருந்தது. பீரங்கி அதைச் சொல்லவில்லை.

"இது இருக்கற இடத்தை விட்டு ஒரு அடி நகர்ந்ததில்ல சார். போன கப்பலெல்லாம் பத்திரமா வீடு வந்து சேர்ந்தது இதாலதான். கப்பல்காரன் அதைக் கவனிச்சானா, ஒரு வார்த்தை நல்லதா சொன்னானான்னு கேட்டா... இல்ல சார். இன்னைக்குத்தான் சொல்றான். ரொம்ப நன்றி."

குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது. அவள் திரும்பாமலேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆனால் காது மடல் சிவந்திருந்தது. வெயிலாலும் இருக்கலாம்.

கீழே இறங்கி வந்ததும் கூட்டம் கைதட்டியது. பீரங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலாளியம்மாவைப் பார்த்தான். குடை நேராக அவன் தோளை நோக்கி வந்தது.

"இந்தக் குழந்தை யாரு?"

"பயணியோட... குழந்தைம்மா."

"நானும் மூணு பெத்தவ. அசந்து தூங்கற குழந்தை வேத்து ஆளு காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்காது."

பீரங்கி அப்போதுதான் கவனித்தான். அவன் தோளில் தூங்கின பாப்பா, வீட்டில் தூங்குகிற மாதிரியே, அவன் இடது காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து வழிந்த எச்சில் சட்டையில் ஒரு தீவு போட்டிருந்தது. முடிந்தது கதை. கண்ணாடிப் பெட்டி அருகில் வந்துவிட்டது.

அவள்தான் முன்னால் வந்தாள். "அவர் மேல தப்பில்லைங்கம்மா. என்னை பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பினாரு. நான்தான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டேன். என்னைப் பத்தி ஊரே சிரிக்குதாம், என்னதான் அப்படி சொல்றாருன்னு நானும் கேட்க வேண்டாமா? அவருக்கு இந்த வேலைன்னா உயிருங்க. கவுண்ட்டர்ல போட்டீங்கன்னா, அவரு பேச ஆளில்லாம வீட்டுக்கு வந்து என்கிட்ட பேசுவாரு. என்னைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கைதட்ட வர்ற சொந்தக்காரங்களைத்தான் வேண்டாம்னேன். நீ குட்டு வைக்கத்தானே வந்திருக்கே! குட்டு வைக்கறவங்களுக்கு விதி எதுவும் போடல." குடை இப்போது அவள் பக்கம் திரும்பியது. "ஞாயித்துக்கிழமை நடைக்கு நீயும் வரணும்மா. கூலி தனி. இவன் பேசட்டும், நீ பதில் சொல்லு. மைக்குக்கு முட்டி வலி, கவுண்ட்டர்ல ஃபேனுக்கடியில உட்கார்ந்தா சந்தோஷம்னு அவனே நேத்து சொல்லிட்டான். என்ன, சம்மதமா?"

பீரங்கிக்குக் கண்ணில் நீர் முட்டியது. வேலை தப்பியது. தப்ப வைத்தவள் எதிரே நிற்கிறாள். காலில் விழலாம் போல இருந்தது. தோளில் பாப்பா இருந்ததால் விழவில்லை.

"வர்றேங்கம்மா" என்றாள் அவள். "ஆனா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு என்னால படியேறிப் பேச முடியாது. அவரு தூக்கிக்கட்டும். தண்ணி பாட்டிலும் பையும்கூட அவருகிட்டயே இருக்கட்டும். பழகின கை."

"அப்புறம் நான் கொடியை எதுல பிடிக்கறது?" என்று கேட்டான் பீரங்கி.

"குடுங்க, அதை நான் பிடிச்சுக்கறேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

இப்படியாகக் கொடியும் கை மாறியது. மாறினது என்னவோ இரண்டடிக் குச்சிதான். ஆனால் கூட்டம் உடனே அவள் பக்கம் திரும்பிவிட்டது. தலைமையாசிரியர் அவளிடம் குறுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். புதுப் பெண், "அக்கா, அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு, கலங்கரை விளக்கம் பின்னால் தெரிகிற மாதிரி எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தாள். மருந்துக்கடை அக்கா ஒரு பக்கம், முதலாளியம்மா ஒரு பக்கம், நடுவில் கொடியோடு அவள்.

பீரங்கி தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பாப்பாவின் எச்சில் தீவைக் கையால் மறைத்துக்கொண்டு, பெருமையாக நடுவில் போய் நிற்கக் கால் எடுத்து வைத்தான். புது மாப்பிள்ளை ஓடி வந்து போனை அவன் கையில் திணித்தான்.

"சார், நீங்கதானே அக்காவோட ஆளு? எங்களை எல்லாம் சேர்த்து ஒரு படம் எடுத்துக் குடுங்க சார்."

பாப்பாவை ஒரு தோளிலும், பையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு, வாட்டர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கி, பீரங்கி போனை உயர்த்தினான். சாயங்கால வெயில் அவன் முதுகில் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கொடியை ஆட்டி, அந்தக் கடலோரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"கைடு சார், கொஞ்சம் ஒதுங்கி நின்னு எடுங்களேன், உங்க நிழல் எங்க மேல விழுது!"